கழுவிக்கொண்டு போன கால்

எங்கள் சபையில் கால் கழுவும் ஆராதனை உண்டு. கர்த்தர் சீஷர்களின் கால்களைக் கழுவிவிட்டு, நீங்களும் இப்படியே செய்யுங்கள் என்றார். அதனால் செய்கிறோம். மற்ற சபைகளில் இதற்கு விளக்கம் சொல்லி முடித்துக்கொள்வார்கள். தாழ்மையாக நடக்கச் சொன்னார், அவ்வளவுதான் பொருள் என்பார்கள். எங்கள் பாஸ்டருக்குப் பொருள் சொல்வதில் நம்பிக்கை கிடையாது. "எழுதிக்கீதா? எழுதிக்கீது. அப்போ செய்யி. அர்த்தம் பின்னாடி வரும்" என்பார்.

ஒரகடம் கூட்ரோட்டிலிருந்து சற்று உள்ளே, ஒரு பரோட்டாக் கடையின் மாடியில் சபை நடக்கிறது. உபவாச ஜெபத்தின்போது கீழேயிருந்து சால்னா வாசனை ஏறி வரும். அதையும் ஒரு சோதனையாக ஏற்றுக்கொண்டு பழகிவிட்டோம். கால் கழுவும் ஞாயிறன்று கூடத்தின் நடுவே கயிறு கட்டி இரண்டு புடவைகளைத் தொங்கவிடுவோம். அந்தப் பக்கம் பெண்கள், இந்தப் பக்கம் ஆண்கள். பிளாஸ்டிக் நாற்காலியில் ஒருவர் உட்காருவார். எதிரில் ஒருவர் வெள்ளைத் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு தண்ணீர்ப் பேசினோடு முட்டி போடுவார். துண்டைத் தோளில் போடக்கூடாது, இடுப்பில்தான் கட்ட வேண்டும், அப்படித்தான் எழுதியிருக்கிறது. கழுவிவிட்டு அந்தத் துண்டாலேயே துடைக்க வேண்டும். பிறகு இருவரும் இடம் மாறிக்கொள்ள வேண்டும். இது முடிந்த பிறகுதான் திருவிருந்தின் அப்பம்.

இதில் வெளியாட்களுக்குத் தெரியாத ஒரு வேடிக்கை உண்டு. நாங்கள் எல்லோரும் வீட்டிலேயே காலை நன்றாகக் கழுவிக்கொண்டுதான் வருவோம். அழுக்குக் காலை இன்னொருவர் கையில் கொடுக்க யாருக்கு மனம் வரும்? நான் சனிக்கிழமை சாயந்திரமே ஆரம்பித்துவிடுவேன். குதிகாலைக் கல்லில் தேய்த்து, நகம் வெட்டி, தேங்காய் எண்ணெய் தடவி வைப்பேன். என் மனைவி குளியலறை வாசலில் நின்று பார்ப்பாள்.

"இன்னாது, உன் கால பொண்ணு பாக்க வராங்களா?" என்பாள்.

இத்தனை வருஷத்தில் நான் ஒரு அழுக்குக் காலைக்கூடக் கழுவியதில்லை. கழுவின காலைக் கழுவி, துடைத்த காலைத் துடைத்து, தாழ்மையடைந்து வீடு திரும்பியிருக்கிறேன்.

நான் பிரேக் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். சபையில் எனக்கு வேறொரு வேலையும் இருந்தது, சிரிக்க வைப்பது. நைட் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக ஆராதனைக்கு வருபவர்கள் எங்களிடம் அதிகம். பிரசங்கத்தில் பாதிப் பேர் தலை தொங்கும். பாஸ்டர் அதைப் பார்த்ததும், கர்த்தர் செய்த நன்மையைச் சாட்சியாகச் சொல்ல என்னைத்தான் எழுப்புவார். நான் ரெண்டு வார்த்தை பேசினால் சிரிப்புச் சத்தத்தில் மற்றவர்கள் விழித்துக்கொள்வார்கள். "சாட்சி அண்ணன்" என்று பேர் வந்ததும் அப்படித்தான்.

கம்பெனியில் வருஷா வருஷம் நடக்கும் மருத்துவப் பரிசோதனையில் எனக்குச் சர்க்கரை என்று தெரிந்தது. மாத்திரை கொடுத்தார்கள், சாப்பிட்டேன். பாஸ்டரிடமும் போய்ச் சொன்னேன். வியாதிப்பட்டவன் சபை மூப்பர்களை அழைக்க வேண்டும், அவர்கள் எண்ணெய் பூசி ஜெபிக்க வேண்டும் என்று வேதத்தில் இருக்கிறது. பாஸ்டர் ஒரு சின்னப் பாட்டில் ஒலிவ எண்ணெய் வைத்திருந்தார். அதை அவர் வாங்கியது நான் மாத்திரை வாங்கும் அதே மெடிக்கல் ஷாப்பில். நெற்றியில் தடவி, உருக்கமாக ஜெபித்தார். போகும்போது நானே கேட்டேன்.

"மாத்திரைய இன்னா பண்றது பாஸ்டர்?"

"வாணாம்னு எங்கயும் எழுதல. எழுதாதத நான் சொல்ல மாட்டேன்" என்றார்.

அவர் மேல் எந்தத் தப்பும் இல்லை என்பதற்காக இதைச் சொல்லி வைக்கிறேன்.

கொஞ்ச நாளில் சர்க்கரை இறங்கிவிட்டது. அந்த ஞாயிறு சாட்சி நேரத்தில் பாஸ்டர் என் பக்கம் கையைக் காட்டி எழுப்பினார். எழுந்தேன். வாயில் ஒரு நல்ல வரி வந்து நின்றது.

"பாஸ்டரு நெத்தியில எண்ணெய் தடவுனாரு. சுகர் அதுல கால வச்சி வழுக்கி வுழுந்துடுச்சி. இன்னும் எந்திரிக்கல."

கூடம் அதிர்ந்தது. பெண்கள் பக்கம் யாரோ சிரித்துச் சிரித்து விக்கினார்கள். பாஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மாத்திரையையும் சாப்பிட்டேன் என்று ஒரு வார்த்தை சேர்த்திருக்கலாம். வாய்வரை வந்தது. சேர்த்தால் அந்தச் சிரிப்பு பாதியில் நின்றுவிடும் என்று தோன்றியது. காமெடி பண்ணுகிறவனுக்கு எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரியும். நிறுத்திவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

ஆராதனை முடிந்ததும் ஒரு தம்பி படியிறங்கும் வழியில் என்னைப் பிடித்துக்கொண்டான். திருநெல்வேலிப் பக்கத்துப் பையன், பக்கத்துக் கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான். காண்ட்ராக்ட் வேலை. எங்கள் சபையிலேயே எழுதியிருப்பதை அப்படியே நம்புகிற ஆள் அவன்தான். மற்றவர்கள் நம்புகிறோம் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள்.

"அண்ணே, எங்கம்மாவுக்கும் சுகர் உண்டு. நீங்க சொன்னத இன்னைக்கே போன் போட்டுச் சொல்லுதேன்" என்றான். கண் பளபளத்தது.

"சொல்லுப்பா" என்றேன். வேறென்ன சொல்வது?

அன்று வீட்டுக்கு வந்து மாத்திரை அட்டையைக் கையில் எடுத்தேன். ஒரு சங்கடம் பிடித்துக்கொண்டது. சபை நடுவில் எண்ணெயால் சுகமானேன் என்று சொல்லியாகிவிட்டது. இப்போது மாத்திரையை விழுங்கினால் நான் சொன்னது பொய் ஆகிவிடும். பொய்யர்களுக்கு அக்கினிக் கடலில் இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது என்பதும் எழுதப்பட்டிருக்கிறது. அங்கே சால்னா வாசனை வராது. மாத்திரையை நிறுத்திவிட்டால் சாட்சி உண்மையாகிவிடும் அல்லவா? இப்படி யோசித்து, அன்றோடு மாத்திரையை நிறுத்தினேன். சொன்ன பொய்யைத் திருத்துவதை விட்டுவிட்டு, என் உடம்பை அந்தப் பொய்க்கு ஏற்றபடி திருத்தப் பார்த்தேன். வசனத்தை இவ்வளவு கண்டிப்பாகக் கடைப்பிடித்தவன் எங்கள் சபையில் வேறு யாரும் இருக்க மாட்டான்.

இரண்டு வாரம் கழித்து அந்தத் தம்பி மறுபடி வந்தான்.

"அம்மா மாத்திரைய நிறுத்திட்டாண்ணே. நல்லா இருக்கேன்னு சொல்லுதா."

"எதுக்கும் ஒரு டெஸ்ட்டு எடுத்துப் பாக்கச் சொல்லுப்பா" என்றேன்.

"டெஸ்ட் எடுத்தா சந்தேகப்பட்ட மாதிரி ஆயிராதா? நீங்க எடுத்தீயளா?"

"நான் கண்ணாடியில பாத்துக்குவேன். இனிப்பா இருந்தா சுகர்னு அர்த்தம்" என்றேன். அவன் சிரித்துக்கொண்டே வண்டியைக் கிளப்பினான். அடுத்த ஞாயிறு சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அடுத்த ஞாயிறும் வந்தது. வந்துகொண்டேதான் இருந்தது.

காலில் அந்தப் புண் எப்போது வந்தது என்று எனக்குத் தெரியாது. லைனில் இரும்பு கடையும்போது சின்னச் சின்னப் பிசிறுகள் தெறிக்கும். ஒன்று சேஃப்டி ஷூவுக்குள் விழுந்து, சாக்ஸைத் துளைத்து, வலது கால் இரண்டாம் விரலுக்கடியில் குடியேறியிருக்கிறது. வலிக்கவேயில்லை. சாக்ஸில் கறையைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். சர்க்கரைக்காரனின் காலுக்கு உணர்ச்சி குறையும் என்று எங்கள் கம்பெனி போஸ்டரிலேயே போட்டிருக்கிறது. தினமும் அதன் எதிரில் நின்றுதான் டீ குடிப்பேன்.

கம்பெனி மெடிக்கல் ரூமில் காட்டினால் சேஃப்டி ஷூ போடக்கூடாது என்பார்கள். ஷூ இல்லாமல் லைனுக்குள் விட மாட்டார்கள். வெளியே டாக்டரிடம் போனால் முதல் கேள்வியே மாத்திரை சாப்பிடுகிறாயா என்றுதான் இருக்கும். அதனால் மஞ்சளை வைத்து, துணியைச் சுற்றி, அதன் மேல் சாக்ஸை மாட்டிக்கொண்டு வீட்டில் நடமாடினேன். கோடைக்காலம். ஃபேனே அனல் காற்றை இறைத்துக்கொண்டிருந்தது.

"வூட்ல சாக்ஸு போட்டுகினு சுத்துற? ஊட்டியிலயா கீறோம் நாம?" என்றாள் மனைவி.

"பாதம் வெடிச்சிருக்கு. கிரீம் போட்டிருக்கேன்."

"கிரீம் வாசன இப்படியா வருது?"

டிவி சத்தத்தைக் கூட்டினேன். அவள் வாய் துடுக்கு. மூக்கு அதைவிடக் கூர்மை. ஆனால் நான் சிரித்து மழுப்புகிற ஆள் என்பதால் ஏதோ ஒரு கட்டத்தில் விட்டுவிடுவாள். அந்தப் பழக்கத்தை நான் பல வருஷமாகத் தப்பாக உபயோகித்து வந்திருக்கிறேன்.

இந்த நிலைமையில் கால் கழுவும் ஞாயிறு வந்தது.

போகாமல் இருக்க முடியாது. கால் கழுவாவிட்டால் அப்பம் இல்லை. அப்பம் எடுக்காதவனைப் பார்த்து, என்ன பாவம் செய்தானோ என்று எல்லோரும் மனதிற்குள் பட்டியல் போடுவார்கள். இடது காலை மட்டும் நீட்டலாமா என்றுகூட யோசித்தேன். ஒரு காலோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று எங்கும் எழுதப்படவில்லை. கடைசியில் ஒரு திட்டம் போட்டேன். எங்களில் ஒரு வயதானவர் இருக்கிறார், கண்புரை முற்றிய நிலையிலும் ஆபரேஷனுக்கு மறுப்பவர். அவருக்கு எதிரில் போய் உட்கார்ந்துவிட்டால் கால் எது கட்டை எது என்று அவருக்குத் தெரியாது. ஒரு குருட்டுக் கிழவரின் விசுவாசத்தை நம்பி நான் கிளம்பிப் போனேன்.

அவர் அன்று வரவில்லை. எனக்கு எதிரில் துண்டைக் கட்டிக்கொண்டு வந்து முட்டி போட்டது ஃபோர்க்லிஃப்ட் தம்பி.

நைட் ஷிப்டோடு ஓவர்டைமும் சேர்த்துப் பார்த்துவிட்டு நேராக வந்திருக்கிறான். சட்டையில் இன்னும் கம்பெனிப் பெயர். என் இடது காலைப் பேசினில் வைத்து, கண்ணை மூடி, மெதுவாகக் கழுவினான். துடைத்தான். வலது காலின் சாக்ஸைப் பிடித்தான்.

"அது வேணாம் தம்பி. கொஞ்சம் சளி" என்றேன்.

"காலுலயா?"

பக்கத்து நாற்காலியில் இருந்தவர் சிரித்தார். அவனும் சிரித்துக்கொண்டே சாக்ஸை உருவினான். துணி ஒட்டிக்கொண்டு வந்தது. வாசனை எழுந்தது. அவன் சிரிப்பு அப்படியே நின்றது.

அவன் காலைக் கீழே போடவில்லை. புண் மேல் தண்ணீர் படாமல் கையைக் குவித்து, சுற்றிலும் கழுவினான். துண்டின் நுனியால் ஒற்றினான். வெள்ளைத் துண்டில் மஞ்சளும் சிவப்புமாக ஒரு கறை விழுந்தது. அந்தத் துண்டு அவன் இடுப்பில் கட்டியிருந்தது, எல்லோரும் பார்க்கும்படி.

"வழுக்கி வுழுந்த சுகரு கால்ல வந்து மாட்டிகிச்சிப்பா" என்றேன். இப்போதும் அந்த வாயை நினைத்தால் எனக்குக் கூசுகிறது. பின்னால் யாரோ சிரிக்கவும் சிரித்தார்கள்.

அவன் சிரிக்கவில்லை. குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"வலிக்கலயாண்ணே?"

"இல்ல."

"மாத்திரைய நிறுத்துனதுனாலயா?"

"ஆமா."

"அப்போ முன்னால எறங்குச்சே, அது?"

"அப்போ சாப்ட்டுகினு இருந்தேன் தம்பி. எண்ணெய் வச்சாங்க, மாத்திரையும் சாப்ட்டேன். அத நான் சொல்லல."

அவன் என் காலை அவிழ்ந்த துணியின் மேல் வைத்துவிட்டு எழுந்தான். இடுப்பில் கறைத்துண்டோடு, பாடிக்கொண்டிருந்தவர்களுக்கு நடுவே நடந்து படியிறங்கிப் போனான். கீழே கொத்துப் பரோட்டாக் கரண்டிச் சத்தம். அதற்குள்ளிருந்து அவன் குரல் ஜன்னல் வழியாக மேலே வந்தது.

"எம்மா, நான்தான். நான் சாப்பிட்டது இருக்கட்டும், கேளு. கேளும்மா."

அதன் பிறகு கரண்டிச் சத்தம் மட்டும்.

முறைப்படி அடுத்தது நான் அவன் காலைக் கழுவ வேண்டும். நான் நாற்காலியிலிருந்து இறங்கி, பேசின் முன்னால் முட்டி போட்டுக் காத்திருந்தேன். எதிரில் காலி நாற்காலி. மற்றவர்கள் எல்லோரும் மாற்றிக் கழுவி முடித்து உட்கார்ந்துவிட்டார்கள். பாஸ்டர் அப்பத்தை எடுக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மாவுக்கு என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தேன். விரல்களை, கண்ணை, சிறுநீரகத்தை, போஸ்டரில் படம் போட்டிருந்த ஒவ்வொன்றாக நினைத்தேன். நான் முகம்கூடப் பார்த்திராத ஒரு பொம்பளை, ஒரு நல்ல வரிக்காக. ஜெபிக்கக்கூட வாய் வரவில்லை.

அவன் மேலே வந்தான். நாற்காலியில் உட்கார்ந்தான். ஷூவைக் கழற்றினான்.

"நிறுத்தவே இல்லையாம்" என்றான்.

எனக்குப் புரியவில்லை.

"மாத்திரைய. ஒரு நாளும் நிறுத்தலயாம். நான் மனசு வருத்தப்படுவேன்னு நிறுத்திட்டேன்னு சொன்னாளாம்."

ஸ்தோத்திரம் என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். நிமிர்ந்து அவனைப் பார்த்ததும் அந்த வார்த்தையைத் திரும்ப விழுங்கத் தோன்றியது. அவன் கண் சிவந்திருந்தது.

"நீங்களும் சொல்லல. அவளும் சொல்லல. நான் ஒருத்தன்தான் எல்லாத்தையும் நம்பிட்டு அலைஞ்சிருக்கேன். கோட்டிக்காரன் மாதிரி."

அவன் காலை எடுத்துத் தண்ணீரில் வைத்தேன். ராத்திரி முழுக்க ஷூவில் ஊறிய கால். விரலிடுக்கில் கறுப்பாகச் சாக்ஸ் நூல், குதிகாலில் வெடிப்பு, வெடிப்புக்குள் ஆயில் அழுக்கு. தண்ணீர் கலங்கியது. தேய்க்கத் தேய்க்க அழுக்கு வந்துகொண்டேயிருந்தது. எனக்கென்று கட்டிக்கொள்ளத் துண்டு எடுக்க மறந்திருந்தேன். அவன் தன் இடுப்பிலிருந்ததை அவிழ்த்து, கறை இல்லாத பக்கமாகத் திருப்பிக் கொடுத்தான். துடைத்தேன்.

அப்பம் முடிந்ததும் அவன் அந்தத் துண்டையே என் காலில் சுற்றிக் கட்டினான்.

"வாங்க. வண்டியில ஏறுங்க."

"நீ தூங்கணும்ப்பா. நாளைக்குப் போயிக்கலாம்."

"ஏறுங்கண்ணே" என்றான். அதில் மரியாதை கொஞ்சம்தான் இருந்தது.

புடவைக்கு அந்தப் பக்கத்திலிருந்து என் மனைவி வந்தாள். காலைப் பார்த்தாள், துண்டைப் பார்த்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் தேவலை. "அந்தக் கிரீமா இது?" என்று மட்டும் கேட்டுவிட்டு, பின்னாலேயே ஷேர் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தாள்.

டாக்டரம்மா எவ்வளவு நாளாக மாத்திரை இல்லை என்று கேட்டார். சொன்னேன். ஏன் நிறுத்தினீர்கள் என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் தம்பி முந்திக்கொண்டான்.

"ஒரு ஜோக்கு சொன்னாவ மேடம்" என்றான்.

இரண்டாம் விரலை எடுத்துவிட்டார்கள். கால் தப்பியது. கம்பெனியில் லைனிலிருந்து மாற்றி ஸ்டோர்ஸில் உட்கார வைத்திருக்கிறார்கள். நட்டும் போல்ட்டும் எடுத்துக் கொடுக்கிறேன். அந்தத் துண்டை மனைவி வெந்நீரில் ஊறவைத்து எத்தனையோ முறை துவைத்தாள். கறை மங்கியது, போகவில்லை. சபைத் துண்டு, திருப்பிக் கொடுக்கவும் முடியாமல் வீட்டில் உபயோகிக்கவும் முடியாமல் பீரோவில் கிடக்கிறது.

பாஸ்டர் சாட்சி நேரத்தில் என் பக்கம் கை காட்டுவதில்லை. ஒரே ஒரு தடவை, எல்லோரும் தூங்கி வழிந்த ஒரு ஞாயிறு, பழக்கத்தில் கையை உயர்த்திவிட்டு, தலையைச் சொறிவதுபோல இறக்கிக்கொண்டார். நான் அதைப் பார்த்துவிட்டேன் என்பதையும் அவர் பார்த்தார்.

போன மாதம் மறுபடி கால் கழுவும் ஆராதனை வந்தது. கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தேன். சனிக்கிழமை காலைத் தேய்க்கவில்லை. புண் ஆறியிருந்தாலும் அந்தக் காலைப் பார்க்க எனக்கே பிடிக்கவில்லை. பல் விழுந்த வாய் மாதிரி இருக்கிறது. தம்பி ரொம்ப நாளாக என்னிடம் சரியாகப் பேசுவதில்லை. வணக்கத்துக்கு வணக்கம், அவ்வளவுதான். அவன் முன்வரிசையில் யார் காலுக்காவது உட்காருவான் என்று நினைத்தேன். பேசினைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தான். முட்டி போட்டான். வலது காலின் சாக்ஸை முதலில் உருவினான். கழுவ ஆரம்பிக்கவில்லை. காலைக் கையில் பிடித்துக்கொண்டே நிமிர்ந்து, கூடம் முழுக்கக் கேட்கிற குரலில் கேட்டான்.

"அண்ணே, காலைல மாத்திர போட்டாச்சா?"

பாட்டு நின்றது. பாஸ்டர் குடத்தைச் சாய்த்துத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். ஊற்றுவதை நிறுத்தாமல், கேட்காதவர் போல் நின்றார். வாயில் ஒரு வரி வந்தது. நல்ல வரிதான். அதை அப்படியே விட்டுவிட்டேன்.

"போட்டாச்சு தம்பி" என்றேன்.

அவன் தலையைக் குனிந்து கழுவத் தொடங்கினான்.